வெட்டச் சொன்ன ஒன்றரை முழம்

ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள், நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த படக் காப்பகத்தை இப்போது நடத்துகிற இரண்டு இளைஞர்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். பழைய நாட்களைப் பற்றி இனிமையாக ஏதாவது வேண்டுமாம். கடிதத்தோடு, காப்பகத்தில் உள்ள மௌனப் படங்களின் புதிய பட்டியல் புத்தகத்தையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். தேநீரைக் குடித்துக்கொண்டே புரட்டினேன். நடுப் பக்கத்தில் ஒரு படம். தலையில் இறகுக் கிரீடம், முகத்தில் கோடு கோடாய்ச் சாயம், குதிரைமேல் ஒரு மனிதர். கீழே எழுதியிருந்தது: "செவ்விந்தியத் தலைவர். நடிகரின் பெயர் தெரியவில்லை."

தெரியவில்லையாம்!

கோப்பையை வைத்த வேகத்தில் மேசை முழுக்கத் தேநீர். மனைவி பரமேஸ் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஆரோடை சண்டை?" என்றாள்.

"புத்தகத்தோடை."

"அது திருப்பி அடிக்காதுதானே. துணியை எடுத்து மேசையைத் துடையுங்கோ."

துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த மனிதரின் பெயர் கந்தர் சின்னத்தம்பி. ஊர் பருத்தித்துறை. எனக்குத் தெரியும், அந்த நாளில் என் மேலதிகாரியாய் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே "தெரியவில்லை" என்று எழுதின கதை இது. இனிமையாய் எழுத எனக்கு வரவில்லை, பிள்ளைகளே.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் ஆறு வருடம் ஒப்பரேட்டர். படம் அறுந்து, ஒட்டத் தாமதமானால் முன்வரிசைக் கலரியில் இருப்பவர்கள் என் தாய் தகப்பனை இழுத்துப் பேசுவார்கள். அந்தப் பயத்தில் பழகினதுதான் என் கை வேகம். லண்டனுக்கு வந்து முதலில் பெற்றோல் ஷெட், பிறகு ஒரு பேக்கரியில் ஷிப்ட், அதன்பிறகு காப்பகம். நேர்முகத்தில் அறுந்த துண்டு ஒன்றைத் தந்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வேலை என்னவென்றால், பழைய நைட்ரேட் படச்சுருள்கள் தகரப் பெட்டிகளில் வரும். இடிக்கப்போகும் கொட்டகைகளிலிருந்தும், செத்துப்போனவர்களின் கராஜுகளிலிருந்தும் வரும். அவை சும்மா இருந்தாலே அழுகும், சூடு பட்டால் பற்றி எரியும். பெட்டியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். பழுதாகாத சுருளுக்கு மணம் பெரிதாய் இல்லை. பழுதாகத் தொடங்கினால் மழையில் நனைந்த காலுறையின் நாற்றம். அடுத்தது நிறம்: வெள்ளி மங்கிக் கபில மண்ணிறம் ஆகும். பிறகு பசைபோல ஒட்டும், பிறகு தேன்போல நுரைக்கும், கடைசியில் வெறும் தூள். இந்த ஐந்து படியில் எந்தப் படியில் நிற்கிறது என்று அட்டையில் எழுத வேண்டும். பிறகு மேசையில் பூட்டி, கையால் மெதுவாகச் சுற்றி, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். கிழிசல், பழைய ஒட்டு, துளை பிய்ந்த இடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். பருத்திக் கையுறை போடச் சொல்வது சட்டம். நான் இடது கையில் போடமாட்டேன். கையுறைக்கு என்ன தெரியும்?

மேலதிகாரி மிஸ்டர் பெம்பரி அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பார். அந்த விஷயத்தில் நல்லவர். பதின்மூன்று வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தமாட்டார், பென்சிலால் அடிப்பார். காலையில் பத்தரைத் தேநீருக்கு முன்னால் எங்கள் அட்டைகளை எல்லாம் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு வரியிலும் ஒரு சின்னச் சரி போடுவார். பிடிக்காத வரியின்மேல் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார், விரலால் தேய்த்தால்கூடப் போய்விடும், அவ்வளவு மெல்லிசு. என் பெயர் யோகநாதன். அவருக்கு நான் முதல் நாளிலிருந்து 'மிஸ்டர் நேதன்'. "படத்தின் நிலைமையை எழுதுங்கள், மிஸ்டர் நேதன். உங்கள் அபிப்பிராயத்தை அல்ல" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. ஒரு வருடத்துக்கு நான் அதைப் பெரிய நேர்மை என்று நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணை வீட்டிலிருந்து மூன்று ரீல் வந்தது. முதலாம் உலக யுத்தத்துக்கு முந்திய கௌபோய்ப் படம். அமெரிக்காவில் எடுத்ததல்ல. லண்டனுக்கு வெளியே ஒரு புல்வெளியில், பால் வண்டிக் குதிரைகளைக் கூட்டிவந்து எடுத்தது. ஒரு காட்சியில் பாலைவனத்துக்குப் பின்னால் ஒரு ஆள் சைக்கிளில் போகிறான். கதாநாயகன் அந்த நாளில் பேர்போன வெள்ளைக்கார நடிகன். பெம்பரி அவனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிக்கொண்டிருந்தார். அதனால் இந்தப் படம் அவருக்குப் புதையல்.

இரண்டாவது ரீல் மூன்றாம் படியில் நின்றது. பசை பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நாளில் ஐம்பது அடிக்கு மேல் சுற்ற முடியவில்லை. அதில்தான் செவ்விந்தியத் தலைவர் வருகிறார். கதாநாயகனின் தமையனைக் கோடரியால் வெட்டி விழுத்துகிறார். விழுந்தவனைத் தாண்டி வந்து, கோடரியைத் தூக்கி, வெற்றிக் கூச்சல் போட வேண்டும். வில்லன் அல்லவா. தாண்டும்போது அவருடைய கால் கீழே கிடந்தவனின் நெஞ்சில் பட்டுவிடுகிறது. உடனே அந்த மனிதர் குனிகிறார். பட்ட இடத்தைக் கையால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறார். பிறகு நிமிர்ந்து கோடரியைத் தூக்கிக் கூச்சல் போடுகிறார்.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. கொலைகாரன் கும்பிடுகிறான் ஐயா! கொன்றது நடிப்பு, கால் பட்டது நிசம். காலாலே ஆளில் பட்டால் தொட்டுக் கும்பிடு என்று சின்ன வயதில் எங்களுக்குக் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்ததை, இறகு வைத்தாலும் சாயம் பூசினாலும் கை மறக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆளைத் தவிர வேறு ஒருவர் இந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. படத்தில் அந்த இடம் இரண்டு செக்கனுக்குக் கொஞ்சம் கூடுதல். நீளத்தில் ஒன்றரை முழம்.

அட்டையில் எழுதினேன்: இந்த நடிகர் செவ்விந்தியர் அல்ல, இந்தச் செய்கை எங்கள் வழக்கம், இவர் தென்னிந்தியர் அல்லது இலங்கையர் ஆக இருக்க வேண்டும். பத்தரை மணிக்கு மூன்று வரியிலும் மெல்லிய கோடு விழுந்தது.

"இவர் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட உண்மையான தலைவர், மிஸ்டர் நேதன். அந்தக் காலத்து விளம்பரமே சொல்கிறது."

"விளம்பரம் பொய் சொல்லாதா, சேர்?"

"நிலைமையை எழுதுங்கள்" என்றார்.

நான் எழுதினதைத்தான் அடித்தாரே தவிர, நான் காட்டினதை அவர் விடவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு கிழக்கு லண்டன் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வந்தது. ஒற்றிக்கொள்ளும் பிரேம் பெரிதாய் அச்சாகியிருந்தது. கொன்ற எதிரியின் ஆவியைத் தன் கண்ணுக்குள் வாங்கிக்கொள்ளும் பழங்குடிச் சடங்காம் அது. திரைப்படத்தில் இப்படியொரு சடங்கு பதிவானது மிக அபூர்வமாம். நான் அதைப் பரமேசுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கட்டுரையைப் பார்த்து ஒரு கடிதம் வந்தது. ஐவி என்று ஒரு பெண், எழுபது வயது, பிளேஸ்டோவிலிருந்து எழுதியிருந்தார். "அது என் அப்பா. அவர் சிலோன்காரர். அவர் குதிரையில் வருவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். எங்கே வந்து பார்க்கலாம்?" பெம்பரி அதைப் பைத்தியக்காரக் கடிதங்களுக்கென்று வைத்திருந்த தட்டில் போட்டுவிட்டு, மறுப்புக் கடிதம் ஒன்றை எழுதி என்னிடம் நீட்டினார். "நீங்கள் அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள், மிஸ்டர் நேதன். கையில் கொடுத்தால் மரியாதையாக இருக்கும்."

கொண்டுபோனேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெருத் தள்ளிக் கவுன்சில் பிளாட். கதவைத் திறந்த ஐவி பார்வைக்கு வெள்ளைக்காரிதான்; அவர் காலுக்குள்ளால் ஒரு பூனை வெளியே பாய்ந்தது. அவர் அதைப் பார்த்து, "கெதியா வா! கெதியா வா!" என்று கத்தினார். சீக்கிரம் வா என்பதற்கு எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு; நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவருக்கு எங்கள் மொழியில் தெரிந்தது அதுவும், 'சும்மா இரு'வும், 'ஐயோ'வும். மற்றதெல்லாம் கிழக்கு லண்டன் ஆங்கிலம். ஆனால் அவர் பேசினது எல்லாம் எனக்கு இப்போது எங்கள் தமிழிலேயே ஞாபகம் வருகிறது.

மறுப்புக் கடிதத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தேநீர் தந்தார். சுவரில் கல்யாணப் படம். முகத்தில் சாயம் இல்லை, ஆனால் அதே தாடை, அதே காது. கல்யாணச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார்: கந்தர் சின்னத்தம்பி, கப்பல் தொழிலாளி, பிறந்த இடம் பருத்தித்துறை, சிலோன்.

சின்னத்தம்பியர் நீராவிக் கப்பலில் கரி அள்ளிப்போட வந்தவர். லண்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டுவிட்டு, கப்பற்காரர் தங்கும் விடுதி ஒன்றில் கிடந்திருக்கிறார். ஒருநாள் வாசலில் வண்டி வந்து நின்று, மண்ணிறத் தோல் உள்ள, குதிரை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். கையை உயர்த்திவிட்டார்.

"குதிரையை அப்பா கிட்டக் கண்டதே இல்லைத் தம்பி" என்றார் ஐவி. "முதல் நாள் நாலு தரம் விழுந்தவராம். விழுறது வடிவாய் இருக்குதெண்டு அதையும் எடுத்தவங்கள்."

அப்படித் தொடங்கி நாலைந்து வருடத்தில் முப்பதுக்குமேல் படம். செவ்விந்தியன், மெக்சிக்கோக் கொள்ளைக்காரன், துருக்கியன், கடற்கொள்ளையன். எல்லாவற்றிலும் சாவார். முதல் ரீலில் வந்தால் இரண்டாம் ரீலில் செத்துவிடுவார். கம்பனி அவருக்கு 'ஏழு கழுகுத் தலைவர்' என்று பெயர் வைத்து, படம் ஓடும் கொட்டகை வாசலில் இறகோடு நிறுத்தி வைக்குமாம். வாய் திறக்கக் கூடாது. யாராவது கேள்வி கேட்டால் உறும வேண்டும். இறகு ஒட்ட வந்த பெண்ணைத்தான் கட்டினார். அவர்தான் ஐவியின் தாய். யுத்தம் வந்தது, இங்கே கௌபோய்ப் படம் எடுப்பது நின்றது. மிச்சக் காலம் முழுக்கச் சீனித் தொழிற்சாலையில் மூட்டை சுமந்திருக்கிறார். மகளை ஒருநாளும் படத்துக்குக் கூட்டிப்போகவில்லை.

"ஆனால் ஒரு கதை சொல்லுவார்" என்றார் ஐவி. "கீழை கிடந்த துரையின்ரை நெஞ்சிலை கால் பட்டிட்டுதாம். தன்னை அறியாமல் தொட்டுக் கண்ணிலை வைச்சிட்டாராம். டிரெக்டர் தூஷணத்தாலை ஏசினவராம், ஆனா வெயில் போயிட்டுது, திருப்பி எடுக்க ஏலாமல் போச்சுது. வீட்டிலையும் அப்படித்தான். இருட்டுக்குள்ளை என்ரை காலிலை அவற்ரை கால் பட்டாலும் தொட்டுக் கண்ணிலை வைப்பார். நான் சின்னப் பிள்ளை, எனக்கே செய்வார். அது அந்தப் படத்திலை இருக்குதோ?"

"இருக்குது. என்ரை கண்ணாலை பாத்தனான்" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த நாள் சான்றிதழின் பிரதியையும் கல்யாணப் படத்தின் பிரதியையும் பெம்பரியின் மேசையில் வைத்தேன். நேரம் எடுத்துப் பார்த்தார். காதைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. விளங்காதவர் என்றால் விட்டுவிடலாம்.

"மகள் சொல்வது சான்று ஆகாது, மிஸ்டர் நேதன்."

"பிறகு ஆர் சொல்ல வேணும், சேர்? பக்கத்து வீட்டுக்காரனோ?"

பெம்பரி பிரதிகளை ஓர் உறையில் போட்டு, மேசை லாச்சியில் வைத்து, லாச்சியைப் பூட்டினார்.

நடைமுறை என்னவென்றால், அழுகும் சுருளிலிருந்து புதிய நெகட்டிவ் ஒன்று எடுப்போம். எடுத்து முடிந்ததும் பழைய சுருளை எரிப்பதற்கு அனுப்பிவிடுவோம், வைத்திருந்தால் ஆபத்து. அதன்பிறகு உலகத்தில் மிஞ்சுவது அந்த நெகட்டிவ் ஒன்றுதான். இரண்டாவது ரீலுக்கு எங்கள் முறை வர வருடங்கள் ஆயின. ஐவி தெருவில் என்னைக் காணும்போதெல்லாம், "தம்பி, அப்பா எப்ப வாறார்?" என்று கேட்பார். நான் வரிசையை முன்னுக்குத் தள்ளச் சொல்லிப் பெம்பரியை அரித்துக்கொண்டே இருந்தேன். தொண்ணூறு பிறந்த பிறகு எடுத்தோம். நடுவில் கொஞ்சம் தேனாகிப் போயிருந்தது, ஆனால் அந்த இடம் தப்பியிருந்தது. பழைய சுருளை எரிக்க அனுப்பும் படிவத்தில் நான்தான் கையெழுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் பெம்பரி என் மேசைக்கு வந்தார். ஒரு பெரிய கொட்டகையில் பியானோவோடு இந்தப் படத்தைக் காட்டப்போகிறார்கள், அவர் முன்னுரை பேசுகிறார். வெள்ளைப் பென்சிலால் நெகட்டிவில் இரண்டு இடத்தில் குறி போட்டிருந்தார்.

"இதற்கு இடையில் உள்ளதை எடுத்துவிடுங்கள். அந்த அசைவு பார்வையாளரைக் குழப்புகிறது."

"ஆவியை வாங்கிற சடங்கெண்டு எழுதினனீங்கள், சேர்."

"அதனால்தான்" என்றார். குரல் உயரவில்லை. ஒரு மனிதர் தான் எழுதின பிழையை ஒத்துக்கொள்ள மாட்டாமல், செத்துப்போன ஒரு மனிதரின் நிசத்தை வெட்டி எறியச் சொல்கிறார், அதையும் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்!

"நான் வெட்டமாட்டன்" என்றேன்.

"நாளைக்குச் சொல்லுங்கள்" என்றுவிட்டுப் போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் தம்பி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்திருந்தான். தமிழ்ப் பொடியன்களைப் பிடிக்க நித்தம் சுற்றிவளைப்பு. அவனை இங்கே கூப்பிடக் கொடுக்க வேண்டிய பத்திரங்களில் என் வேலைத்தலக் கடிதமும் ஒன்று. அது பெம்பரியின் தட்டில் கையெழுத்துக்காக இரண்டு வாரமாய்க் கிடந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

வீட்டில் சொன்னேன். பரமேஸ் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, செத்த மனுசனுக்கு இனி என்ன நடக்கும்? உயிரோடை இருக்கிற மனுசனைப் பாருங்கோ."

"அந்தக் கிழவிக்கு என்ன சொல்லுறது?"

"அது எனக்குத் தெரியாது. உங்கடை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனாங்களெண்டா உங்கடை அம்மாவுக்கு என்ன சொல்லுவியள்?"

விடிந்ததும் போய் வெட்டினேன். நான்தான் வெட்டினேன். இரண்டு பக்கமும் சுரண்டி, பசை பூசி, அழுத்திப் பிடித்து ஒட்டினேன். ஒட்டு இருக்கிற இடம் உங்கள் ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தம். வெட்டின துண்டைப் பெம்பரி கையை நீட்டி வாங்கினார். அதற்குப் பிறகு அதை நான் காணவில்லை. மத்தியானம் என் கடிதம் கையெழுத்தோடு மேசைக்கு வந்தது. தம்பி வந்து சேர்ந்தான், இப்போது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு இந்தக் கதை தெரியாது.

பெம்பரி காலமாகி வருடங்களாயிற்று. அவர்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை, ஆறாது. அவருடைய புத்தகம் இன்றைக்கும் நூலகத்தில் இருக்கிறது, 'உண்மையான தலைவர்' அதில் இன்னும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறார். ஆனால், பிள்ளைகளே, நீங்கள் அந்த நெகட்டிவைத் தேடிப் பார்த்தால் அதில் இருப்பது என் ஒட்டு. பட்டியலைத் திருத்துங்கள். இனிமையாய் எழுதச் சொன்னதற்குப் பதிலாய் நான் கேட்பது அவ்வளவுதான். பெயர் மேலே இருக்கிறது, இன்னொரு தரமும் எழுதுகிறேன்: கந்தர் சின்னத்தம்பி.

படம் காட்டின நாளில் ஐவியை நான்தான் கூட்டிப்போனேன். வெட்டினதைச் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ரயிலில் எடுத்தேன், கொட்டகை வாசலில் எடுத்தேன். அவர் நீலக் கோட்டுப் போட்டு, தலைமுடியைச் சுருட்டி, கண்ணாடியை மூன்று தரம் துடைத்து வைத்திருந்தார். எனக்கு வரவில்லை. மேடையில் பெம்பரி, பெயர் அறியப்படாத அந்தச் செவ்விந்தியரைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். ஐவி என் காதுக்குள், "அவருக்கு நீர் இன்னும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். விளக்கு அணைந்தது.

இரண்டாவது ரீலில் சின்னத்தம்பியர் குதிரையில் வந்தார். ஐவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அப்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோடரி விழுந்தது. துரை சரிந்தான். ஐவி இருக்கையின் நுனிக்கு வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். சின்னத்தம்பியர் தாண்டினார், கோடரியைத் தூக்கினார், கூச்சல் போட்டார். பியானோ பெரிதாய் முழங்கியது. காட்சி மாறிவிட்டது.

ஐவி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"வந்ததோ தம்பி, அந்த இடம்?"

"ஓம், வந்தது" என்றேன்.

"சீ, என்ரை பாழாய்ப்போன கண். இமைச்சுப்போட்டன் போலை."

"வடிவாய் வந்தது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"நீர் பாத்தனீர்தானே. எனக்கு அது போதும்."